நல்லபிள்ளைப் பதில்

"உனக்கு இங்லீஷ் தெரியும்டீ. வாசிக்கத்தான் தெரியல" என்று சமீரா சொன்னபோது, என் முன்னால் இருந்த தே தாரேக் டீ கொஞ்சம் ஆறியிருந்தால் அவள் தலையில் ஊற்றியிருப்பேன். சுடச்சுட இருந்ததால் விட்டுவிட்டேன். எனக்கும் மனசாட்சி இருக்கிறது.

செனாயில் விமான நிலையத்துக்குப் போகும் சாலையோரத்தில் அவளுடைய அத்தா ஹாரூன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தோம். சமீரா என்னோடு பள்ளியிலும், பிறகு பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவத்திலும் படித்தவள். பக்கத்திலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. வகுப்பு தொடங்கும்வரை கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள். நான் லோஷினி. எனக்கு இன்னும் எங்கேயும் இடம் கிடைக்கவில்லை. காரணம் முயெட்.

முயெட் என்பது உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சேர எழுத வேண்டிய ஆங்கிலத் தேர்வு. கேட்க ஒன்று, பேச ஒன்று, எழுத ஒன்று, வாசிக்க ஒன்று என்று நான்கு தாள்கள். எல்லாவற்றையும் கூட்டி ஒரு பேண்ட் கொடுப்பார்கள். நான் கேட்டிருந்தது நாட்டின் இன்னொரு கோடியில், வடக்கே கெடாவில் சட்டப் படிப்பு. மற்றதெல்லாம் சரியாக இருந்தது, பேண்ட் நாலு மட்டும் வேண்டும். நான் இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் மூன்றரை வாங்கியிருந்தேன். பேசுவதில் எனக்குக் குறையே இல்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அப்பா என்னைப் பார்த்துத்தான் சொல்வார். எழுதுவதும் மோசமில்லை. வாசிப்புத் தாள்தான் ஒவ்வொரு தடவையும் காலை வாரிவிட்டது. ஒரு பத்தியைக் கொடுத்து, கீழே கேள்வி கேட்டு, சரியான விடையைத் தேர்ந்தெடு என்பார்கள். பத்தியில் புரியாத சொல் என்று எனக்கு எதுவும் இருந்ததில்லை. ஆனாலும் தப்பு. புரியாமல் கோட்டைவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எல்லாம் புரிந்தும் கோட்டைவிடுகிறவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

மூன்றாவது தடவைக்குப் பதிந்தாகிவிட்டது. இதிலும் அந்த அரை பேண்ட் நழுவினால் இந்த வருஷச் சேர்க்கை போச்சு. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவர்களெல்லாம் அடுத்த வருஷம் எங்கே இருந்தார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். அப்பா பஸ் ஓட்டும் தொழிற்சாலையில் ஒரு ஸ்டோர் கிளார்க் வேலை எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்றைக்கு எங்கள் சண்டை ஒரு பக்கத்து வீட்டு அம்மாளைப் பற்றி. பயிற்சித் தாளில் வந்தவர். பத்தியை எழுதியவர் தனியாக வாழும் ஒரு மனிதர். பக்கத்து வீட்டு அம்மாள் தினமும் அவருக்கு ஒரு கிண்ணம் சூப் கொண்டுவந்து கொடுக்கிறார். அவர் சிரித்த முகமாக வாங்கிக்கொள்கிறார், நன்றி சொல்கிறார், கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கிறார். கொஞ்ச நாளில், அந்த அம்மாள் வரும் நேரம் பார்த்து விளக்கை அணைத்துவிட்டு உள்ளே சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருக்கப் பழகிக்கொள்கிறார். அந்த அம்மாளைப் பற்றி எழுதியவர் என்ன நினைக்கிறார் என்பது கேள்வி. நான் நன்றியுணர்வு என்று போட்டிருந்தேன். விடையில் எரிச்சல் என்று இருந்தது.

"நன்றின்னு அவரே சொல்றாரு. இங்க இருக்கு பாரு" என்று வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

"சொல்றாரு. அப்பறம் எதுக்கு லைட்ட அடைக்கிறாரு?"

"கரண்ட் மிச்சம் பண்றாரா இருக்கும். சிக்கனம்."

சமீரா தாளைத் தன் பக்கம் இழுத்தாள். "நீ நெஜமாத்தான் சொல்றியா?"

"சாப்பாடு குடுத்தவங்க மேல யாராச்சும் எரிச்சல் படுவாங்களா? அப்படிப்பட்ட ஆளு எழுதினத எதுக்குப் பரீட்சையில போடுறாங்க?"

"படுவாங்க லா. எங்க கடையில ஒரு நாளு உக்காந்து பாரு. சூப்பர் பாய், சூப்பர்னு சொல்லிட்டுப் போறவன் திரும்ப வரமாட்டான். உப்பு இல்ல, ஒறப்பு இல்லன்னு கத்துறவன் நாளைக்கும் வருவான்."

கடைக்காரர் பிள்ளை கடைக்காரர் புத்தியில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு மதிவாணன் சார் இருந்தார். கூலாயில் சனிக்கிழமைதோறும் முயெட்டுக்கு டியூஷன் நடத்துகிறவர். முதலில் கேள்வியைப் படி, பிறகு பத்தியைத் தேடு என்பார். அடுத்த வாரம், பத்தியை முழுதாகப் படிக்காமல் கேள்விப் பக்கம் போகாதே என்பார். 'எப்போதும்', 'ஒருபோதும்' என்று இருக்கும் விடைகளை வெட்டச் சொல்வார். சந்தேகம் வந்தால் முதலில் தோன்றியதை மாற்றாதே என்றும், அவசரப்பட்டு முதலில் தோன்றியதைப் போடாதே என்றும் ஒரே நாளில் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் சிரத்தையாகச் செய்தேன். மதிப்பெண் இருந்ததும் குறைந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

சமீரா என் பழைய பயிற்சித் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். வாடிக்கையாளர் வந்தால் பில் போட்டுவிட்டு வந்து மறுபடி புரட்டினாள். ஒரு கட்டத்தில் தனியாகச் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கு எரிந்தது.

"ஸ்கூல்ல மோரல்ல நீ என்ன எடுத்த?" என்றாள்.

"ஏ பிளஸ். அசெம்பிளியில கூப்பிட்டுப் பரிசு குடுத்தாங்க. நீயுந்தானே கை தட்டுன."

"அதான். ஒன் தப்பெல்லாம் ஒரே தப்புடீ. இந்த ஆளு முதலாளிகிட்ட வேல பாத்து நொந்துபோயி எழுதறான், நீ மரியாதைன்னு போட்டிருக்க. இவ போட்டோ புடிக்கத்தான் அநாத ஆசிரமத்துக்குப் போறா, நீ சமுதாயப் பொறுப்புன்னு போட்டிருக்க. அண்ணனும் தம்பியும் வீட்டுக்கு அடிச்சிக்கிறாங்க, நீ விட்டுக்கொடுத்தலாம். எல்லாம் நல்லபிள்ளைப் பதில். எழுதினவன் என்ன நெனச்சான்னு கேட்டா, என்ன நெனச்சிருக்கணும்னு நீ சொல்ற."

பள்ளியில் முஸ்லிம் பிள்ளைகள் சமய வகுப்புக்குப் போய்விடுவார்கள். மற்றவர்கள் எல்லாரும் நன்னெறிக் கல்விக்கு உட்காருவோம். மோரல் என்றுதான் எல்லாரும் சொல்வோம். தமிழ்ப்பள்ளியில் முதல் வகுப்பில் தொடங்கி ஐந்தாம் படிவம் வரை அது விடாது. நன்மனம், கடமையுணர்வு, நன்றி நவில்தல், அன்புடைமை, ஒத்துழைப்பு என்று நற்பண்புகளை வரிசையாக மனப்பாடம் செய்ய வேண்டும். பிறகு ஒரு கதை கொடுப்பார்கள். கதையில் என்ன நடந்தாலும் சரி, அதற்குள் ஒரு நற்பண்பு உட்கார்ந்திருக்கும். அதைக் கண்டுபிடித்து எழுதினால் மதிப்பெண். ஒரு முறை, அவன் பாதி மனத்தோடுதான் உதவினான் என்று எழுதிவைத்தேன். ஆசிரியை சிவப்பு மையில் சுழித்து முட்டை போட்டார். அதற்குப் பிறகு நான் அந்த மாதிரித் தப்பைச் செய்யவே இல்லை.

சமீரா சொன்னது சரி என்று அங்கேயே தெரிந்துவிட்டது. அதனால்தான் கோபம் தலைக்கேறியது. "ஒழுக்கமா வளந்தது எங்க தப்பா?" என்று கேட்டுவிட்டு, பாதி ரொட்டி சானாயை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் அவளுக்குப் பதில் தேடினேன்.

சரி, மாற்றிப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். அடுத்த சனிக்கிழமை மதிவாணன் சார் கொடுத்த தாளில், இருக்கிற விடைகளிலேயே கேவலமானது எதுவோ அதைப் போட்டேன். தாத்தா பேரனுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தாரா, பொழுது போகவில்லை. ஆசிரியர் மாணவனைப் பாராட்டினாரா, உள்நோக்கம். மருத்துவமனைத் தாதி ஒருத்தி தன் வேலையைப் பற்றி உருகி எழுதியிருந்தாள். சம்பளத்துக்காக என்று போட்டேன். பாதிக்கு மேல் தப்பு. அந்தத் தாதிக்கு உண்மையாகவே அவள் வேலை பிடித்திருந்ததாம்.

மதிவாணன் சார் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒனக்கு என்னாமா ஆச்சு? போன வாரம் எல்லாரையும் கும்புட்ட, இந்த வாரம் எல்லாரையும் சந்தேகப்படுற."

"எப்ப கும்புடணும், எப்ப சந்தேகப்படணும்னு சொல்லுங்க சார்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "அதெல்லாம் பத்தியிலதாம்மா இருக்கு" என்றார்.

பத்தியில் இருக்கிறது என்றால் எனக்கு ஏன் தெரியவில்லை? நல்லதாகப் பார்த்தாலும் தப்பு, கெட்டதாகப் பார்த்தாலும் தப்பு. மனிதர்கள் எதைச் சொல்லி எதை நினைக்கிறார்கள் என்று இவர்களுக்கெல்லாம் எப்படித் தெரிகிறது, எனக்கு மட்டும் அந்தப் பாடத்தை யாரும் நடத்தாமல் விட்டுவிட்டார்களா என்று குழம்பிப்போனேன். குழம்பின மண்டையோடு வீட்டுக்குப் போனால், அங்கே அப்பா.

அப்பா சுகுமாறனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா நான் மூன்றாம் படிவம் படிக்கும்போது தவறிவிட்டார். அதிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். விடிவதற்குள் எழுந்து தொழிற்சாலைப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவார், சாயங்காலம் மறுபடி ஏற்றிக்கொண்டு போய் விடுவார். நடுவில் வீட்டுக்கு வந்து சமைப்பார். நான் படித்துக்கொண்டிருந்தால் தொலைக்காட்சியைப் போட மாட்டார். "நீ படிம்மா. எங்க வேணாலும் போய்ப் படி. அப்பா இருக்கேன்" என்பதைத் தவிர இந்த விஷயத்தில் அவர் வேறு எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. இதை நான் அப்படியே நம்பிக்கொண்டுதான் இருந்தேன். சமீரா வந்து என் கண்ணைக் கெடுத்துவிட்டாள்.

ஏனென்றால் சூப் வாங்கின அந்த ஆளைப் போல அப்பா விளக்கை அணைப்பதெல்லாம் இப்போது எனக்குத் தெரிய ஆரம்பித்தது. போன மாதம் என் அறைக்குப் புதிதாகச் சாயம் அடித்தார். புதுக் காற்றாடி மாட்டினார். ஊரைவிட்டுப் போகப்போகிற பிள்ளையின் அறைக்கு யாராவது சாயம் அடிப்பார்களா? கெடாவில் வெள்ளம் என்று ஒரு செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நெடுஞ்சாலையில் பஸ் கவிழ்ந்த காணொளி ஒன்றை அனுப்பினார். கூடவே, தைரியமா போகணும்மா என்று கைகூப்பும் படம். அந்த ஸ்டோர் கிளார்க் வேலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் லேசாகும். "சும்மா சொன்னேன். ஏர்கோன் ரூமாம், அவ்ளோதான்" என்பார். நான் சும்மா என்ற சொல்லையே பத்து நிமிஷம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இது உண்மையா, அல்லது அந்தத் தாதிக்குச் செய்த மாதிரி அப்பாவுக்கும் செய்கிறேனா? பெற்ற அப்பாவைப் போய் இப்படிப் பார்க்கிறாயே என்று ஒரு பக்கம் வெட்கமாக இருந்தது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. அந்த வாரம் நான் ஒரு பத்தியும் ஒழுங்காகப் படிக்கவில்லை. அவரையே படித்துக்கொண்டிருந்தேன்.

தேர்வுக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, அப்பாவின் சாயங்கால ஓட்டம் முடிந்ததும் கோயிலுக்குப் போனோம். எந்தப் பரீட்சை வந்தாலும் என் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்யாமல் அப்பா விட்டதில்லை. தட்டை நீட்டினார். ஐயர் பெயர் கேட்டார். லோஷினி என்றார். நட்சத்திரம் கேட்டார், சொன்னார்.

"என்ன வேண்டுதல்?"

"பரீட்சை, சாமி."

"நல்லா பாஸாகணும். அவ்ளோதானே?"

அப்பா வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. பக்கத்தில் நான் நின்றதால் எனக்குத் தெரிந்தது, பின்னால் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. "அவருக்குத் தெரியும், சாமி" என்று மூலஸ்தானத்தைக் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஐயர் மந்திரம் சொல்லத் தொடங்கிவிட்டார்.

வெளியே வந்து எங்கள் பழைய சாகா காரில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன். எதையும் மனசில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் இருக்க என்னால் முடியாது.

"அப்பா, நான் பாஸாகணும்னு ஏன் வேண்டிக்கல?"

"வேண்டிக்கிட்டேனே."

"இல்ல. பேரு சொன்னீங்க, நட்சத்திரம் சொன்னீங்க. ஐயரு கேட்டப்ப ஆமான்னுகூட சொல்லல."

"சாமிக்குத் தெரியாததாம்மா? பெத்தவன் தன் புள்ள நல்லா வரணும்னுதானே நெனப்பான். நீ படிச்சிப் பெரிய ஆளா வரணும். அதான் அப்பாவுக்கு வேணும்."

மோரல் தாளில் எழுதினால் முழு மதிப்பெண். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"நல்ல பதில் வேணாம்பா. நெஜத்தச் சொல்லுங்க."

சாவியைப் போட்டவர் வண்டியைக் கிளப்பவில்லை. முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த காய்ந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் வாசலில் யாரோ தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டது. நான் கேட்டிருக்கவே கூடாது என்று அப்போது தோன்றியது. ஆனால் கேட்டாகிவிட்டது.

"போன ரெண்டு தடவையும் நீ ரிசல்ட்ட பாத்துட்டு மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்தியா? எனக்கு வயிறெல்லாம் எரிஞ்சிச்சு. இந்தப் புள்ள இவ்ளோ கஷ்டப்படுதே, இதுக்கு ஒரு வழி பொறக்கலியேன்னு. சத்தியமாம்மா. ஆனா அதே நேரத்துல உள்ளுக்குள்ள ஒரு நிம்மதியும் வந்துச்சு. சரி, இன்னும் கொஞ்ச நாளைக்கு வீட்லதான் இருப்பான்னு. பெத்த புள்ள ஃபெயிலானதுக்கு நிம்மதிப்படுறேனே, நான் என்னா மனுசன்னு எனக்கே அசிங்கமா இருந்துச்சு. இன்னைக்கு ஐயரு கேட்டாரு பாரு, பாஸாகணும்னு சொல்லத்தான் வந்தேன். வாய் வரல. வேணாம்னு சொல்லவும் வாய் வரல. அதான் அவருகிட்ட விட்டுட்டேன்."

"இதுல எதுப்பா நெஜம்?"

"ரெண்டுந்தாம்மா. எனக்கே கொழப்பமா இருக்கு. ஒனக்கு எப்படிச் சொல்றது?"

இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. என் அப்பா நான் தோற்க வேண்டும் என்று நினைத்தார் என்று கோபப்படலாமா? என்மேல் அவ்வளவு உயிராக இருக்கிறார் என்று அழலாமா? கோபப்படப் போனால் அழுகை வந்தது, அழப்போனால் கோபம் வந்தது. இருதலைக்கொள்ளி எறும்பு என்று சின்ன வயதில் வாக்கியம் அமைத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்த எறும்பின் நிலைமை தெரிந்தது. வீடு வந்துவிட்டது. இறங்கும்போது அவர், "நாளைக்கு நாந்தான் கொண்டுபோய் விடுவேன். பஸ்ஸ வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிட்டேன்" என்றார்.

தேர்வு மண்டபத்தில் ஏர்கோன் குளிர் எலும்பைத் துளைத்தது. வாசிப்புத் தாளைத் திறந்தபோது மதிவாணன் சார் சொன்ன ஒரு வித்தையும் நினைவுக்கு வரவில்லை. வராததும் நல்லதுக்குத்தான். ஒரு பத்தியில், வயதான ஒருத்தி தன் பூக்கடையை விற்றுவிட்டு மகன் வீட்டுக்குப் போகிறாள். முதலில், அப்பாடா, இனி விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டாம் என்கிறாள். கொஞ்சம் தள்ளி, சாவியை வாங்கிக்கொண்டவன் கையை அவளுக்குப் பிடிக்கவில்லை என்கிறாள். பிறகு மகன் வீட்டு மாடியறை நன்றாக வெளிச்சமாக இருக்கிறது என்கிறாள். கடையை விட்டுப் போவது பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று கேள்வி.

மகிழ்ச்சி என்றும் ஒரு விடை இருந்தது, வருத்தம் என்றும் இருந்தது. முன்பாக இருந்தால் மகன் மேல் உள்ள அன்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டு மகிழ்ச்சி என்று போட்டிருப்பேன். போன வாரமாக இருந்தால் மகன் சொத்துக்காகக் கூட்டிப்போகிறான் என்று நானே ஒரு கதை கட்டி வருத்தம் என்று போட்டிருப்பேன். கடைசியில் ஒன்று இருந்தது: இரண்டு மனமாக இருக்கிறாள். அந்த மாதிரி விடை எல்லாத் தாளிலும் இருந்திருக்கும் போல. பாதி மனசுக்கு முட்டைதான் என்று நான் அதை ஒரு தடவையும் ஏறெடுத்துப் பார்த்ததே இல்லை. அவள் நல்லவளா கெட்டவளா என்று கேட்காமல், சொன்னதை மட்டும் ஒவ்வொரு வரியாக மறுபடி படித்தேன். அப்பா காருக்குள் பேசினதைக் கேட்ட மாதிரிதான் படித்தேன். கடைசி விடையைக் கறுப்பாக்கினேன். சரி என்ற நிச்சயம் அப்போதும் இல்லை.

வெளியே வந்தபோது அப்பா மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் பார்த்தார்.

"எப்படிம்மா?"

"தெரியலப்பா. நெஜமாவே தெரியல."

"சரி. பசிக்குதா?"

முடிவு வந்த அன்றைக்கு ஹாரூன் மாமா கடையில் இருந்தேன். சமீராதான் போனை வாங்கி என் தேர்வு எண்ணைத் தட்டிப் பார்த்தாள். "அலமாக். நாலுடீ" என்று வாயைப் பிளந்தாள். நாலுக்கு மேல் ஒரு துளி இல்லை, சரியாக நாலு. வாசிப்பில்தான் எல்லாவற்றையும்விட ஏறியிருந்தது. உள்ளே இருந்து ஹாரூன் மாமா வந்து என் தலையில் கைவைத்து, "நல்லா இரும்மா" என்றார். அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நான் குதித்திருக்க வேண்டும். மேசையில் சிந்தியிருந்த டீயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னடீ மூஞ்சி இது? சந்தோஷமா இல்லியா?"

"சந்தோஷந்தான்."

சமீரா நம்பவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் என்னைக் கிண்டல் செய்யவில்லை.

அப்பா சாயங்கால ஓட்டம் முடிந்து ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்தார். பஸ்ஸில் வந்த பெண்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாராம். பக்கத்து வீட்டு ராசம்மா அத்தைக்கு வேலிக்கு மேல் ஜிலேபி கொடுத்து, "லாயர் வீட்டு ஸ்வீட்டு" என்று சத்தம் போட்டுச் சிரித்தார். அம்மா படத்துக்கு முன்னால் ஒன்று வைத்தார். கெடாவுக்கு எப்போது போக வேண்டும், என்னென்ன வாங்க வேண்டும், போர்வை, ஒரு சின்ன ரைஸ் குக்கர் என்று நிறுத்தாமல் பேசினார். அவருக்குச் சந்தோஷம்தான். அதில் பொய்யே இல்லை. பேச்சு தீர்ந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார், கையில் பிசுபிசுத்த ஜிலேபிப் பாகைத் துடைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அதுவும் பொய்யில்லை.

எனக்குத் தாங்கவில்லை. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அப்பா, அன்னைக்கு காருக்குள்ள ஒரு நிம்மதின்னு சொன்னீங்கல்ல?"

"அத விடும்மா. அப்பா ஏதோ ஒளறிட்டேன்."

"எனக்கும் வந்துச்சுப்பா. மொத தடவ மூனரை பாத்தப்பவும் வந்துச்சு, ரெண்டாவது தடவயும் வந்துச்சு. அழுதேன், நெஜமாத்தான் அழுதேன். ஆனா உள்ளுக்குள்ள, சரி, இன்னும் போக வேணாம்னு இருந்துச்சு. இன்னைக்கு நாலுன்னு பாத்ததும் பயமா இருக்கு. உங்கள விட்டுட்டுப் போக எனக்குப் பயமா இருக்கு."

இதை நான் அதுவரை எனக்கே சொன்னதில்லை. சொன்ன பிறகுதான் இவ்வளவு நாளும் அது அங்கேயே இருந்திருக்கிறது என்று தெரிந்தது. போக வேண்டாம் என்பதற்காகத்தான் தப்புத் தப்பாகப் போட்டேனா? இல்லை, உண்மையாகவே தெரியாமல்தான் போட்டேனா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்பா என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. இப்போது வழக்கமான பதில் வரும், தைரியமா போகணும்மா, அப்பா இருக்கேன் என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை.

"அப்ப வேணாமா?" என்றார்.

"இல்ல. போறேன். போகணும்."

அவர் தலையாட்டினார். எழுந்து சமையலறைக்குப் போய்க் கையைக் கழுவினார். குழாயை மூடினார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, "பயந்துகிட்டே போ. நானும் பயந்துகிட்டே இருக்கேன்" என்றார். பிறகு இரண்டு தட்டுகளை எடுத்து மேசையில் வைத்து, "சோறு ஆறுது, வா" என்றார்.